கடமையில் தவறியவர்கள் நாம்

திருப்பலி தொடங்கியதும் மார்பில் தட்டிக்கொண்டு நாம் சொல்லும் பாவ அறிக்கையில், செய்த பாவங்களோடு செய்யத் தவறிய கடமைகளும் சேர்ந்தே வருகின்றன. சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிப்போன வரிகள். கடமையில் தவறினேன் என்று சொல்லும்போது நமக்கு என்னென்ன நினைவுக்கு வருகிறது? ஞாயிறு பூசைக்குப் போகாதது, செபமாலை சொல்லாமல் தூங்கிவிட்டது, கோயில் சந்தாவை இழுத்தடித்தது. தேர்தலில் ஓட்டுப் போட்ட விதம் மட்டும் ஒருநாளும் நினைவுக்கு வந்ததில்லை. திருவண்ணாமலைக் கத்தோலிக்கர்களான நாம் பாவசங்கீர்த்தனத்தில் எதையெதையோ சொல்லியிருக்கிறோம். விரலில் வைத்த மையைப் பற்றிச் சொன்னதில்லை.

2019 ஏப்ரல் 18-ஐ நினைத்துப் பார்ப்போம். வியாழக்கிழமை. தமிழகத்தில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு. நமக்கோ அது பெரிய வியாழன். நம் ஊருக்கு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: அன்று மாலையே சித்ரா பௌர்ணமி தொடங்கியது. மலையைச் சுற்றிய 14 கிலோமீட்டர் பாதையில் ஊர் கொள்ளாத கூட்டம் நடக்கிற இரவு. தேதியை மாற்றச் சொல்லித் திருச்சபைத் தரப்பிலிருந்து தேர்தல் ஆணையத்துக்குக் கோரிக்கை போனது. உயர் நீதிமன்றத்துக்கும் போனோம். தேதி மாறவில்லை. மதுரையில் மட்டும் சித்திரைத் தேரோட்டத்துக்காக வாக்குப்பதிவு நேரம் இரவு 8 மணி வரை நீட்டிக்கப்பட்டது.

கேட்டதில் தவறில்லை. நம் பள்ளிக்கூடங்கள் பலவும் வாக்குச்சாவடிகள். சில இடங்களில் கோயிலும் பள்ளியும் ஒரே வளாகம். ஆனால் அந்த நாட்களில் நாம் பேசியதெல்லாம் தேதியைப் பற்றி மட்டும்தான். யார் நிற்கிறார், இதற்கு முன் என்ன செய்தார், நம் வாக்கு யாருக்கு நன்மை தரும் என்று எத்தனை அன்பியக் கூட்டங்களில் பேசினோம்? காலையில் போய் ஓட்டுப் போட்டோம். மாலையில் போய்ப் பாதம் கழுவும் சடங்கைப் பார்த்தோம். இரண்டுக்கும் நடுவே ஏதாவது தொடர்பு இருக்கும் என்று நமக்குத் தோன்றவே இல்லை.

அதற்கு முந்தைய நாள், புதன்கிழமை, திருப்பலியில் வாசிக்கப்பட்டது மத்தேயு 26-ஆம் அதிகாரம். யூதாசு தலைமைக் குருக்களிடம் போய், அவரைக் காட்டிக்கொடுத்தால் எனக்கு என்ன தருவீர்கள் என்று கேட்டு, முப்பது வெள்ளிக்காசுக்குப் பேசி முடிக்கிற பகுதி. ஒவ்வோர் ஆண்டும் புனித வாரப் புதனுக்கு அதுதான் வாசகம். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்த நாமே, பணம் புழங்குகிற அந்தக் கடைசி இரவுகளில், கதவு தட்டப்படும் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அதற்கும் ஒருநாள் முன்பு, ஏப்ரல் 16 அன்று, நம் மறைமாவட்டத்தின் தலைநகரான வேலூரில் மக்களவைத் தேர்தலே ரத்தானது. வாக்காளர்களுக்குக் கொடுக்க வைத்திருந்ததாகக் கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டதுதான் காரணம். பணப் பட்டுவாடாவுக்காக ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் ரத்தானது நாட்டிலேயே அதுதான் முதல்முறை. ஆகஸ்ட் 5-ஆம் தேதி மறுபடி நடத்தினார்கள். வெற்றி வித்தியாசம் 8,141 வாக்குகள். வேலூர் மானம் போயிற்று என்று டீக்கடையில் நாமும் பேசிக்கொண்டோம். பிடிபட்ட பணம் யாருக்காக எண்ணி வைக்கப்பட்டது என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. நமக்காகத்தான். இந்தத் தெருவில் வாங்குகிற கை இருக்கிறது என்ற நம்பிக்கை இல்லாமல் யாரும் கோடிகளை மூட்டை கட்டி வைப்பதில்லை.

அது எப்படி நடக்கும் என்பது நமக்குத் தெரியாததும் இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் இரண்டு பையன்கள் வருவார்கள். ஒருவர் கையில் அந்தப் பாகத்தின் வாக்காளர் பட்டியல் ஜெராக்ஸ், காதில் பென்சில். இன்னொருவர் கையில் பை. தெரிந்த பையன்கள்தான், நம் பிள்ளைகளோடு படித்தவர்கள். "அண்ணா, உங்க வூட்ல அஞ்சு ஓட்டு. தாத்தா பேரு இன்னும் லிஸ்ட்ல இருக்குது. அவரு பங்கையும் நீங்களே வச்சிக்குங்க" என்பார்கள். பெயருக்கு எதிரே ஒரு டிக். நாமும் நின்ற வாக்கில் வாங்கி, சட்டைப் பையில் வைத்து, "சரிப்பா, பார்த்துக்கலாம்" என்போம். உள்ளே திருஇருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருக்கும். இதை எழுதுகிற நானும் அந்த வாசற்படிகளில் ஒன்றில் நின்றவன்தான்.

இதற்கு நம்மிடம் தயாராக ஒரு சமாதானம் இருக்கிறது. "நம்ம பணம்தானே, நம்ம கிட்டயே வருது." கூலி வேலை இல்லாத வாரத்தில் ஐந்நூறு ரூபாயை மறுக்க முடியாத வீடுகள் நம் பங்கிலேயே இருக்கின்றன, அவர்களை நோக்கி விரல் நீட்ட நமக்குத் தகுதியில்லை. ஆனால் மாதச் சம்பளம் வாங்குகிறவர்களும், பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தவர்களும் அதே பையில் கைவிட்டோமே, அதற்கு என்ன பதில்? வாக்குக்குப் பணம் கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் சட்டப்படி குற்றம். அதுகூட இரண்டாவதுதான். வாங்கியவருக்கு அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குக் கேள்வி கேட்கும் தொண்டை அடைத்துப்போகிறது. சாக்கடை தூர் வாரவில்லை என்று போய்ச் சொன்னால், "அன்னைக்கே செட்டில் பண்ணிட்டோமே" என்ற பார்வை வருகிறது. அந்தப் பார்வைக்குப் பயந்து நாம் போவதையே விட்டுவிட்டோம்.

இன்னும் சிலரிடம் வேறொரு சிக்கல். வாங்கியாயிற்று, வாக்குக் கொடுத்தாயிற்று, மாற்றிப் போட்டால் துரோகம் ஆகாதா என்று உண்மையாகவே கலங்குகிறார்கள். ஏரோது ஒரு விருந்தில் ஆணையிட்டுவிட்டான். விருந்தினர்கள் முன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதற்காக யோவானின் தலையை வெட்டச் சொன்னான். மாற்கு 6-ஆம் அதிகாரத்தில் இதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். தீமைக்குக் கொடுத்த வாக்குறுதி மனச்சான்றைக் கட்டாது. இந்தச் சின்ன விஷயத்தைக்கூட மறைக்கல்வி வகுப்பில் நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தரவில்லை.

இந்த வாக்குரிமை நமக்கு எப்படி வந்தது என்பதையும் மறந்தோம். தாது வருஷப் பஞ்சத்தில், 1876–78-இல், சேத்துப்பட்டை மையமாகக் கொண்டு பணியாற்றிய தாராஸ் அடிகளாரிடம் கஞ்சிக்கும் மருந்துக்குமாக வந்து, பிறகு திருமுழுக்குப் பெற்றவர்களின் வழிவந்தவர்கள் நம்மில் ஏராளம். அந்த முன்னோருக்கு நிலம் இல்லை, எழுத்து இல்லை, வாக்கும் இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் கடைசிவரை சொத்தும் வரியும் படிப்பும் பார்த்தே வாக்குரிமை கொடுத்தார்கள். 1951–52 முதல் பொதுத்தேர்தலில்தான் ஒரு பண்ணையாளும் அவருடைய ஆண்டையும் ஆளுக்கொரு வாக்கோடு ஒரே வரிசையில் நின்றார்கள்.

இன்னொரு செய்தியையும் நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. அரசியல் நிர்ணய சபையின் 1947-ஆம் ஆண்டு ஏற்பாட்டில், சென்னை, பம்பாய் சட்டமன்றங்களில் இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனி ஒதுக்கீட்டு இடங்கள் இருந்தன. 1949 மே மாதத்தில் மதவழி இட ஒதுக்கீடு கைவிடப்பட்டது. கைவிடலாம் என்று முன்னின்று சொன்னவர்களில் சபையின் துணைத் தலைவரான எச்.சி. முகர்ஜி ஒரு கிறிஸ்தவர். அதை ஆதரித்த ஜெரோம் டிசூசா, சென்னை மாகாணத்திலிருந்து சென்ற இயேசு சபைக் குரு. எங்களுக்குத் தனி இடம் வேண்டாம், எல்லோரோடும் சேர்ந்து குடிமக்களாக நிற்கிறோம் என்பது அவர்கள் எடுத்த முடிவு. அவர்கள் குடிமக்களாக நிறுத்திவிட்டுப் போன இடத்தில் நாம் வாக்கு வங்கியாக உட்கார்ந்துகொண்டோம். வங்கி என்று பிறர் நம்மைச் சொல்வதற்கு முன்பே, "நம்ம ஓட்டு மொத்தமா ஒரே பக்கம் போகணும்" என்று நமக்குள் சொல்லிக்கொண்டவர்கள் நாம்தான்.

தேர்தல் நெருங்கினால் பங்குத்தந்தையைச் சுற்றி நிற்போம். "ஃபாதர், இந்தத் தடவை யாருக்குப் போடணும்?" குருக்கள் கட்சி அரசியலில் இறங்கக்கூடாது என்பது திருச்சபைச் சட்டம், வழிபாட்டுத் தலத்தைப் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்பது தேர்தல் நடத்தை விதி. இரண்டும் தெரிந்தும் கேட்கிறோம். ஒரு பெயர் கிடைத்துவிட்டால் நாம் யோசிக்க வேண்டியதில்லை என்பதுதான் காரணம். 1965-இல் வெளிவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 'இன்றைய உலகில் திருச்சபை' ஏடு, மனச்சான்றை மனிதன் கடவுளோடு தனித்திருக்கும் இடமாகப் பார்க்கிறது. அங்கே ஃபாதரும் கூட வர முடியாது. அதே ஏடு, வாக்களிப்பதைக் குடிமக்களின் உரிமை என்றும் கடமை என்றும் சேர்த்தே சொல்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2240-ஆம் எண்ணில், வரி கட்டுவதையும் வாக்களிப்பதையும் அறநெறிக் கடமைகளாக வரிசைப்படுத்துகிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் எழுதிய மடலில், பொதுநன்மையைத் தேடும் அரசியலை அன்பின் உயர்ந்த வடிவங்களில் ஒன்றாகச் சொன்னார். நமக்கோ அரசியல் சாக்கடை. இறங்காமல் ஓரமாக நடப்பதே பக்தி.

சிறுபான்மையாக இருப்பதில் பயம் உண்டு. அந்தப் பயம் கற்பனையும் அல்ல. யார் வந்தால் நமக்குப் பாதுகாப்பு என்று பார்ப்பது நியாயம்தான். ஆனால் அந்த ஒரு கேள்வியோடு மற்ற எல்லாக் கேள்விகளையும் மூடிவைத்துவிட்டோம். வேட்பாளர் பங்குக்கு வந்தால் என்ன கேட்டோம்? கோயிலுக்குச் சுற்றுச்சுவர், கெபிக்கு ஷீட், பள்ளிக்கு அனுமதி, கல்லறைக்குப் பாதை. எல்லாமே நமக்கு.

2024 ஏப்ரல் மக்களவைத் தேர்தலிலும் அப்படித்தான் கேட்டோம். அந்த ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், அண்ணாமலையார் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண் சரிந்து, ஒரு வீட்டுக்குள் இருந்த ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் புதைந்து இறந்தார்கள். அன்று திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. எப்போதும் விழிப்பாயிருங்கள் என்று இயேசு சொல்லும் லூக்கா நற்செய்திப் பகுதியைக் காலையில் கேட்டுவிட்டு வந்திருந்தோம். மலைச்சரிவில் வீடுகள் அன்று முளைக்கவில்லை. பல ஆண்டுகளாக நம் கண் முன்னால்தான் ஒவ்வொன்றாக மேலேறின. கிரிவலக் கூட்டம் பெருகப் பெருக நிலத்தின் விலை ஏறியது. ஏழைக்குச் சமதளத்தில் இடமில்லாமல் போனது. இந்த மக்களுக்கு எங்கே வீட்டுமனை கொடுப்பீர்கள் என்று ஒரு வேட்பாளரிடமாவது நாம் கேட்டிருக்கலாம். சுற்றுச்சுவர் கேட்ட வாய் அதைக் கேட்கவில்லை. மெழுகுவர்த்தி ஏற்றினோம், இறந்தோருக்காகச் செபித்தோம். அந்தச் செபம் வேண்டியதுதான். அது தேர்தலுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

சாதிக்கு வருவோம். வேட்பாளர் பட்டியல் வெளியானதும் நம் வாட்ஸ்அப் குழுக்களில் வருகிற முதல் கேள்வி, "என்ன ஆளுங்க?" திருமுழுக்குத் தண்ணீர் அதைக் கழுவவில்லை. தலித் கிறிஸ்தவர்களுக்கு 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை மறுத்த பட்டியலினத் தகுதியை ஒவ்வொரு தேர்தலிலும் கேட்கிறோம். 2023 ஏப்ரல் 19 அன்று தமிழகச் சட்டமன்றமும் அதற்காகத் தீர்மானம் போட்டது. கேட்பது நீதி. கேட்கிற நாம் எப்படி இருக்கிறோம்? 2008 மார்ச்சில் எறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்ட பிரச்சினை கலவரமாகி, காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதாவின் பிள்ளைகள். நம் மாவட்டத்துத் தென்முடியனூரில் 2023 ஜனவரி 30 அன்று தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போனபோது, அந்தப் படத்தைப் பெருமையோடு பகிர்ந்தோம். நம் பங்குப் பேரவைத் தேர்தலில் யார் யாருக்கு வாக்களிக்கிறார்கள் என்பதையும், நம் கல்லறைத் தோட்டங்களில் யார் எந்த ஓரத்தில் கிடக்கிறார்கள் என்பதையும் பகிரவில்லை. பங்குப் பேரவைக்குச் சாதி பார்த்துக் கைதூக்கியவர்கள், சட்டமன்றத்துக்கு மனச்சான்றோடு பட்டன் அழுத்துவோம் என்றால் யார் நம்புவது?

வாக்காளர் பட்டியலிலும் நம் சோம்பல் தெரிகிறது. நவம்பர் 2 அன்று கல்லறைக்குப் போய்ப் பூ வைக்கிறோம், இறந்தவர் பெயரில் பூசைக்குக் கொடுக்கிறோம். அதே பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கும் படிவம் 7-ஐக் கொடுக்க மட்டும் மறந்துபோகிறது. 2025 நவம்பர் 4 தொடங்கிச் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்து, டிசம்பரில் வரைவுப் பட்டியல் வந்தபோது, தமிழகம் முழுவதும் சுமார் 97 லட்சம் பெயர்கள் விடுபட்டிருந்தன. அதில் சுமார் 27 லட்சம் இறந்தவர்கள். வீடு தேடிப் படிவத்தோடு வந்த அலுவலரிடம் "அப்புறம் வாங்க" என்று சொன்ன வீடுகளில் நம் வீடுகளும் உண்டு. பெங்களூருக்கும் ஓசூருக்கும் ஒரகடத்துக்கும் வேலைக்குப் போன நம் பிள்ளைகளின் பெயர் எங்கே இருக்கிறது என்று பெற்றோருக்கே தெரியவில்லை. 2019-இல் தமிழகத்தில் ஏறத்தாழ 72 விழுக்காடாக இருந்த வாக்குப்பதிவு 2024-இல் 70-க்குப் பக்கத்தில் இறங்கியது. அன்று வெள்ளிக்கிழமை, சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுமுறை. ஊருக்கு வந்தும் வாக்குச்சாவடிக்கு வராதவர்களை நமக்குத் தெரியும்.

வாக்களித்த பிறகும் கடமை இருக்கிறது என்பதை நாம் கணக்கிலேயே வைக்கவில்லை. கிராம சபை கூடும் நாட்களைப் பாருங்கள். மே 1, தொழிலாளரான சூசையப்பர் விழா. ஆகஸ்ட் 15, அன்னையின் விண்ணேற்பு விழா. நவம்பர் 1, புனிதர் அனைவர் விழா. மூன்று நாளும் நம் கிராமத்துப் பங்குகளில் கோயில் நிறைந்திருக்கும். பூசை முடிந்து, கொடியேற்றி, மிட்டாய் வாங்கிக்கொண்டு, பிரியாணிக்கு வீடு திரும்புகிறோம். பக்கத்துத் தெருவில் ஊராட்சியின் வரவு செலவை இருபது பேர் கேட்டுக் கையெழுத்துப் போட்டு முடித்துவிடுகிறார்கள். கோயிலிலிருந்து நூறு பேர் அப்படியே அங்கே நடந்திருந்தால் எத்தனை ஊர்களில் குடிநீர்த் தொட்டி வந்திருக்கும்!

இதெல்லாம் திருத்திக்கொள்ளக்கூடியவை. அரசாங்கம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தேர்தல் அறிவித்ததும், கோயிலுக்குள் அல்ல, அன்பியம் கூடும் வீட்டுக் கூடத்தில் ஒரு மாலை உட்காரலாம். வேட்பாளர்கள் சொத்தையும் வழக்குகளையும் கல்வியையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே வழிவகுத்துவிட்டது; தேர்தல் ஆணையத்தின் தளத்தில் யாரும் படிக்கலாம். கல்லூரி படிக்கும் நம் பிள்ளை ஒருவர் கைப்பேசியில் வாசித்துச் சொன்னால் போதும். யாருக்கு என்று அங்கே முடிவெடுக்கக்கூடாது. எந்தக் கேள்விகளோடு போக வேண்டும் என்று மட்டும் பேசலாம். முதல் கேள்வி மலைச்சரிவில் குடியிருப்பவரைப் பற்றியதாகவும், நம் சுற்றுச்சுவரைப் பற்றியது கடைசியாகவும் இருக்கட்டும்.

அப்பழுக்கற்ற வேட்பாளர் கிடைக்கப்போவதில்லை. இவரிடம் ஒன்று பிடிக்கும், அவரிடம் வேறொன்று பிடிக்கும். இருவரிடமும் சகிக்க முடியாதவையும் இருக்கும். நிறுத்தி, நிதானித்து, செபித்து, இருப்பவர்களில் ஏழைக்கு யாரால் அதிக நன்மை, யாரால் குறைந்த தீமை என்று எடைபோடுவதுதான் மனச்சான்றின் வேலை. 2013 முதல் நோட்டாவும் இருக்கிறது. உண்மையாக யோசித்து முடியாமல் போனவருக்கு அது உதவும். யோசிக்கவே மனமில்லாதவர் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளக்கூடாது. இப்படி எடைபோட்ட பிறகு ஒரே அன்பியத்தைச் சேர்ந்த இரண்டு பேர் இரண்டு சின்னங்களில் அழுத்தினால் அது பிளவு ஆகாது. அடுத்த ஞாயிறு ஒரே பலிபீடத்திலிருந்து இருவரும் நற்கருணை வாங்கலாம்.

ஓட்டுக்கு வரும் பணக் கவர் விஷயத்தைக் குடும்பமாக உட்கார்ந்து முன்கூட்டியே முடிவு செய்வோம். கதவு தட்டும்போது யோசித்தால் கை தானாக நீளும். "வேணாம்பா, எங்க வீட்டுப் பேருக்கு டிக் அடிக்காதீங்க" என்று சொல்லச் சில நொடி போதும். நம் பங்கிலுள்ள ஏழைகளின் வீட்டில் அந்த வாரம் அரிசி இருக்கிறதா என்று பார்ப்பது வின்சென்ட் தே பால் சபையின் வேலை. அந்தச் சபைக்குக் கொடுப்பது நம் வேலை.

அடுத்த முறை ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் போகும்போது, வழக்கமான பட்டியலோடு இதையும் சொல்வோம்: சாமி, என் வாக்கை விற்றேன், யோசிக்காமல் போட்டேன், சாதி பார்த்துப் போட்டேன், போடாமலே இருந்தேன். பாவமன்னிப்புக்குப் பரிகாரமும் உண்டு. இந்தப் பாவத்துக்கான பரிகாரம் அடுத்த தேர்தலில் செய்ய வேண்டியது. அதற்கு முன்பாகவே ஒரு கிராம சபை வரும். அதற்கும் முன்பாக, இந்த வாரமே, வாக்காளர் பட்டியலை எடுத்து நம் வீட்டுப் பெயர்களைச் சரிபார்ப்போம்.